புதன்கிழமைக் கலங்கல்

ஜூன் 14, வெள்ளி

மாநகராட்சிக் குடிநீர் ஆய்வகத்தில் எனக்கு இருபத்தைந்து ஆண்டு முடிந்ததாம். பாராட்டு விழா நடத்தினார்கள். விழா என்றால் ஆறிப்போன சமோசா, சூடான காபி, அதைவிடச் சூடாக இளம்பரிதியின் பேச்சு.

இளம்பரிதி எங்கள் தலைமை வேதியியலர். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். பிப்பெட்டை எந்த விரலால் மூடுவது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். பதவி உயர்வுக் குழுவுக்கு என் பல்கலைக்கழகத் தங்கப் பதக்கம் கண்ணில் படவில்லை. அவன் சிரிப்பு பட்டது. பதக்கத்தை யாரும் சட்டையில் குத்திக்கொண்டு போவதில்லை, சிரிப்பை எங்கேயும் கொண்டுபோகலாம்.

மைக் தேவைப்படாத சிறிய அறையில் மைக் வைத்துக்கொண்டு அவன் பேசினான். "தண்ணியப் பத்தி கனகசபாபதி சாருக்குத் தெரியாதது இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. அதனால சாருக்குத் தண்ணியவே பரிசாக் குடுக்கறோம்." எல்லோரும் கைதட்டினார்கள். பரிசு ஒரு கண்ணாடி மீன் தொட்டி.

தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, பத்திரம் சார் என்றார். என் பணிக்காலம் முழுவதும் இவ்வளவு அக்கறை யாரும் காட்டியதில்லை.

ஜூன் 16, ஞாயிறு

தொட்டியை நிறுவினேன். கூடத்தின் வடகிழக்கு மூலையில் வைத்தால் நல்லது என்று என் மனைவி அபயம் சொன்னாள். அங்கேயே வைத்தேன், பிளக் பாயிண்ட் அங்கேதான் இருந்தது. மின்சார வாரியமும் வாஸ்துவும் முன்பே பேசி முடித்திருக்கும்.

கூழாங்கல், வடிகட்டி, காற்று பம்பு எல்லாம் தயார். கலர் மீன் கடையிலிருந்து கறுப்பு மோலி சில, கப்பி சில. கொண்டுவந்து விட்டதிலிருந்து அபயம் தொட்டியின் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. (அதற்கும் இளம்பரிதி ஒருமுறை வருத்தம் தெரிவித்திருக்கிறான். அவனுக்கு இரண்டு.)

ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன். இந்தத் தண்ணீர் கலங்கினால் என் இருபத்தைந்து ஆண்டும் கலங்கியதாக அர்த்தம். ஆய்வகத்தில் இதற்காகவே நாலு பேர் காத்திருக்கிறார்கள்.

ஜூன் 20, வியாழன்

அபயத்துக்கு அவள் ஊர்க் கோயிலுக்குப் போகவேண்டுமாம். மாயவரம் பக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை குளத்தில் இறங்க வேண்டுமாம். ஆய்வு வருகிறது, விடுப்பு கிடைக்காது என்றேன். கூடவே கோயில் குளங்களில் என்னென்ன கிருமிகள் குடியிருக்கும் என்றும் விளக்கினேன். அந்த ஆய்வை இளம்பரிதி எவ்வளவு மோசமாகக் கையாள்கிறான் என்பதையும் சொன்னேன். சரிங்க என்று உள்ளே போனாள்.

அபயத்திடம் உள்ள நல்ல குணம், எதையும் ஒரு தடவைக்கு மேல் கேட்கமாட்டாள்.

ஜூன் 23, ஞாயிறு

அபயத்தின் தங்கை குமுதவல்லி வந்தாள். அந்தக் கோயில் குளத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். பச்சையாக இருந்தது. ஆய்வகத்துக்கு அனுப்பினால் பார்ப்பவர்கள் கையுறை போட்டுக்கொள்வார்கள்.

அக்காவும் தங்கையும் பிற்பகல் முழுவதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். வெளியே வந்தபோது இருவர் கண்ணும் சிவந்திருந்தது. தொலைக்காட்சித் தொடரில் யாரோ இறந்திருக்க வேண்டும்.

கிளம்பும்போது குமுதா, "அத்தான், அக்காவக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். நகைச்சுவையாகத்தான் சொன்னேன். இந்தக் குடும்பத்தில் யாருக்கும் அந்த உணர்வு கிடையாது.

ஜூன் 26, புதன்

தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர்போல வெளுத்துக் கிடக்கிறது. நேற்று மாலைகூடப் பளிங்காக இருந்தது.

பதற்றமில்லை. புதுத் தொட்டி. எல்லாத் தொட்டிகளும் தொடக்கத்தில் ஒருமுறை கலங்கும்.

ஜூன் 27, வியாழன்

ஆனாலும் முழுத் தண்ணீரையும் மாற்றினேன். கூழாங்கல்லை வெந்நீரில் அலசினேன். வடிகட்டிப் பஞ்சை, பஞ்சுக்கே வலிக்கும் அளவுக்குப் பிழிந்தேன். அழுக்குத் தண்ணீரைக் குளியலறைச் சாக்கடையில் கொட்டப் போனபோது அபயம் வாசற்படியில் வந்து நின்றாள். கால் படுகிற இடத்தில் ஊற்ற வேண்டாம், செம்பருத்திச் செடிக்கு ஊற்றலாமே என்றாள். மீனின் கழிவுக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை என்று சொல்லிக் கொட்டினேன். கடைசிச் சொட்டு போகும்வரை நின்று பார்த்தாள்.

ஜூலை 3, புதன்

மறுபடியும். போன வாரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்.

ஜூலை 4, வியாழன்

கலர் மீன் கடைக்காரர், தீனியைக் குறைங்க சார் என்றார். மூட்டைப் பூச்சிக்கு, கட்டிலைக் குறைங்க என்று சொல்வதுபோல. குறைத்தேன்.

தண்ணீரை மாற்றினேன். சாக்கடை. வாசற்படியில் அபயம்.

ஜூலை 5, வெள்ளி

மாற்றிய பிறகும் ஒரு மங்கல் மிச்சம் இருந்தது. ஊருக்கே தண்ணீர் தெளிய வைக்கிறவன் வீட்டில் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். படிகாரம். கண்ணாடி டம்ளர்களில் வெவ்வேறு அளவு போட்டுப் பார்த்து, எது சரியோ அதைத் தொட்டியில் கலந்தேன். மதியத்துக்குள் தண்ணீர் வைரம்போல ஆகிவிட்டது. அந்த வைரத்தின்மேல் இரண்டு கப்பிகள் மல்லாந்து மிதந்தன.

தண்ணீரின் அமிலத்தன்மை மாறியிருக்கும். தெரியும். அவசரத்தில் பார்க்கவில்லை.

அபயம் அவற்றைச் செம்பருத்தி அடியில் புதைத்தாள். ஒரு கையாலேயே மண்ணைத் தோண்டினாள். இடது கையை, விரிசல் விட்ட பாத்திரம்போல உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். சுளுக்காம். தைலம் தடவு என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

ஆய்வக வராந்தாவில் இளம்பரிதி, "சார், மீனெல்லாம் எப்படி இருக்கு?" என்றான். தண்ணீர் இருக்கிறதே தெரியவில்லை, மீன்கள் காற்றில் நீந்துவதுபோல இருக்கிறது என்றேன். இன்று காலை அது உண்மைதான்.

ஜூலை 10, புதன்

இன்று காலை அது உண்மையில்லை.

ஆனால் எனக்கு ஒன்று பிடிபட்டுவிட்டது. கலங்கல் எப்போதும் புதன்கிழமை காலையில்தான் தெரிகிறது. அப்படியானால் செவ்வாய்க்கிழமை ஏதோ நடக்கிறது. செவ்வாய்க்கிழமை என்ன நடக்கிறது? எங்கள் பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் வருகிறது. ஆவியாகிக் குறைந்த அளவுக்கு நான் அன்று காலை தொட்டியில் கொஞ்சம் ஊற்றுகிறேன். அந்தத் தண்ணீர் வரும் சுத்திகரிப்பு நிலையத்தின் மணல் வடிகட்டிகளைக் கழுவும் பொறுப்பு யாருடையது? தலைமை வேதியியலருடையது.

இளம்பரிதி பதவியேற்ற பிறகு இவ்வளவு சந்தோஷமாக நான் காபி குடித்ததில்லை.

அபயம் ஏதோ சொல்ல அருகில் வந்து உட்கார்ந்தாள். இந்தக் கண்டுபிடிப்பை அவளுக்கு விளக்கமாகச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது அவளுக்கே மறந்திருக்கும்.

ஜூலை 13, சனி

மளிகைக்குப் போனேன். அபயம் மறுபடியும் உருண்டை வெல்லம் கேட்டாள். போன வாரம் வாங்கியது எங்கே? வீட்டில் பாயசமும் வரவில்லை, அதிரசமும் வரவில்லை, வெல்லம் மட்டும் தீர்கிறது. எறும்பு வந்துவிட்டது என்றாள். எறும்பு வந்தது உண்மைதான். மீன் தொட்டி மேசையின் காலில்கூட வரிசை போகிறது. அபயத்தின் சமையலறை நிர்வாகமும் இளம்பரிதியின் ஆய்வக நிர்வாகமும் ஒரே தரம்.

ஜூலை 17, புதன்

ஆடி முதல் நாள். ஆடிப்பால் கிடைத்தது. ஆக, வெல்லம் மொத்தமும் எறும்புக்குப் போகவில்லை.

நான் முன்கூட்டியே சொன்னபடி கலங்கியது. தொட்டித் தண்ணீரை ஒரு புட்டியில் எடுத்துப்போய், கலங்கலை அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தேன். போன வாரமும் பார்த்திருந்தேன். எண் ஏறியிருக்கிறது. வாரத்துக்கு வாரம், ஒழுங்காக, பள்ளிக்கூடப் பையனின் உயரம்போல ஏறுகிறது. சுத்திகரிப்பு நிலையம் நாளுக்கு நாள் மோசமாகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

புகார்க் குறிப்பு எழுதி, இளம்பரிதிக்கும் அவனுக்கு மேலே உள்ள செயற்பொறியாளருக்கும் கொடுத்துவிட்டேன். மொழி நாகரிகமாகத்தான் இருந்தது. 'பொறுப்பின்மை' என்ற சொல்லை ஒரே ஒரு இடத்தில்தான் பயன்படுத்தினேன். 'திறமையின்மை'யை அடித்துவிட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

கூட்டம். எங்கள் தெரு, பக்கத்துத் தெரு, நீர்த்தேக்கத் தொட்டி, சுத்திகரிப்பு நிலையம் எல்லா இடத்திலும் செவ்வாய்க்கிழமை வழக்கமாக எடுத்துவைத்த தண்ணீரை மறுபடி பரிசோதித்திருக்கிறார்கள். எல்லாம் சுத்தம். எங்கள் தெருக் குழாய்த் தண்ணீர் எல்லாவற்றையும்விடச் சுத்தம்.

செயற்பொறியாளர், எந்த வீட்டிலிருந்து புகார் வந்தது என்று கேட்டார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு இளம்பரிதி என்னைக் காப்பாற்றினான். "சார் எப்பவுமே எச்சரிக்கையா இருப்பாரு. அது நமக்கு நல்லதுதானே" என்றான். நாலு பேர் குனிந்து சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வெளியே வந்ததும் தோளைத் தொட்டு, ஒருநாள் வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்க்கட்டுமா என்றான். அவசியமில்லை என்றேன்.

வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது முழுக்க இதையே பேசினேன். அபயம் மோர் ஊற்றும்போது வலது கையால் ஊற்றிவிட்டு, சொம்பை வைத்துவிட்டு, மறுபடி அதே கையால் ஊறுகாய் எடுத்தாள். அவள் இடது கை இன்னும் சரியாகவில்லை போலிருக்கிறது. தைலம் தடவினாயா என்று கேட்க நினைத்தேன். செயற்பொறியாளரின் முகம் நினைவுக்கு வந்து அதற்குள் பேச்சு மாறிவிட்டது.

ஜூலை 22, திங்கள்

அறிவியல் மனப்பான்மை என்பது தோற்ற பிறகும் சோதிப்பது. தொட்டியைக் காலி செய்து, கடையில் வாங்கிய கேன் தண்ணீரை மட்டும் நிரப்பினேன். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. மீன்கள் என் மாமனார் குடும்பத்தைவிட நல்ல தண்ணீர் குடிக்கின்றன.

ஜூலை 24, புதன்

கலங்கியிருக்கிறது. இதுவரை இல்லாத அளவுக்கு. மோலிகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

ஆக, குழாய் குற்றவாளியல்ல. இளம்பரிதி குற்றவாளியல்ல. இதை எழுதுவது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பது இந்த நோட்டுக்குத்தான் தெரியும்.

ஜூலை 26, வெள்ளி

ஏன் எனக்கு முன்பே தோன்றவில்லை என்று தெரியவில்லை. எறும்பு. எறும்பு தண்ணீர் குடிக்க வருவதில்லை.

எல்லோரும் மதிய உணவுக்குப் போன பிறகு, தொட்டித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி, பெனடிக்ட் கரைசலைச் சேர்த்துச் சூடாக்கினேன். பள்ளிக்கூடத்துச் சோதனை. நீலம் மெல்லப் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

சர்க்கரை. யாரோ என் தொட்டியில் இனிப்பைக் கரைக்கிறார்கள். இனிப்பைத் தின்று கிருமிகள் பெருகுகின்றன. அந்தப் பெருக்கம்தான் கலங்கல்.

வீட்டில் இருப்பது இரண்டு பேர். அதில் ஒருவன் நான்.

ஜூலை 27, சனி

அபயம் ஏன் இதைச் செய்கிறாள்?

எனக்குத் தோன்றிய காரணங்கள்: கோயிலுக்குக் கூட்டிப்போகவில்லை. போன ஆண்டு குமுதாவின் மகள் கல்யாணத்துக்கு, அன்று இளம்பரிதி பதவியேற்றான் என்ற கோபத்தில் நான் போகவில்லை, அவளையும் போகவிடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஏதோ. காரணங்கள் எனக்கே நிறையத் தோன்றுவது கொஞ்சம் வியப்பாக இருக்கிறது.

ஆனால் பழிவாங்குவதற்கு வெல்லத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டா? என் ஆய்வகத்தில் இல்லை.

செவ்வாய்க்கிழமை பெர்மிஷன் போட்டுவிட்டுப் பாதியில் வரப்போகிறேன். என்ன பேச வேண்டும் என்று தயாரித்துக்கொண்டிருக்கிறேன். நன்றாக வந்திருக்கிறது.

ஜூலை 30, செவ்வாய்

பத்தரை மணி இருக்கும். செருப்பை வெளியிலேயே விட்டு, சத்தமில்லாமல் உள்ளே போனேன்.

அபயம் தொட்டியின் முன்னால் நின்றிருந்தாள். தலைக்குக் குளித்து, முடியில் துண்டு சுற்றியிருந்தாள். வலது கை மணிக்கட்டுவரை தண்ணீரில். விரல்களுக்குள் ஒரு வெல்ல உருண்டை. அதிலிருந்து பழுப்பு நூல்கள் அவிழ்ந்து கீழே இறங்கின. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. இடது கை மடங்கி, அதன் விரல்கள் இடது அக்குளுக்குக் கீழே அழுந்தியிருந்தன. மோலிகள் அவள் விரல்களைக் கொத்தின.

என்னைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. கையையும் எடுக்கவில்லை.

"முழுசாக் கரையணும்ங்க. நடுவுல கைய எடுக்கக் கூடாது."

அதனால் நான் காத்திருந்தேன். தயாரித்த பேச்சை வைத்துக்கொண்டு, அலுவலகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் வீட்டுக் கூடத்தில், வெல்லம் கரைவதற்காக நின்றேன். பொடித்துப் போட்டிருந்தால் சீக்கிரம் கரையும் என்பதுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

கரைந்தது. கையை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

எதற்கு இது என்று கேட்டேன்.

"கட்டி கரையறதுக்கு."

"எந்தக் கட்டி?"

அவள் இடது கை இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தக் கையைச் சுளுக்கு என்று ஒரு மாதமாக நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு அவளாகவே சொன்னாள். கோயில் குளத்தில் வெல்லத்தைக் கரைத்தால், அது கரைவதுபோல உடம்பில் உள்ள கட்டியும் கரையும் என்பது அவர்கள் பக்கத்து நம்பிக்கை. அவள் அம்மா மருவுக்குக் கரைத்தாளாம், உதிர்ந்ததாம். குளத்துக்கு நான் கூட்டிப்போகவில்லை. அதனால் குமுதா குளத்துத் தண்ணீரைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு செவ்வாயும் அதில் ஒரு மூடி எடுத்து இதில் ஊற்றுகிறாள். மீனும் இருக்கிறது. ஆகவே இதுவும் குளம்தான். நடுநடுவே என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பாள்.

"எப்பலேர்ந்து இருக்கு?"

"சித்திரைலேர்ந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேங்க. ஒவ்வொரு தடவையும் நீங்க இளம்பரிதியப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பால்காரன் வரவில்லை என்பதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

எனக்கு என்ன பேசுவதென்று தெரியாதபோது என் வாய் வேதியியல் பேசும். இத்தனை சிறிய தொட்டியில் இவ்வளவு பெரிய உருண்டையைப் போடலாமா, ஒரு துண்டு போதாதா என்றேன்.

"கட்டி எவ்ளோ இருக்கோ அவ்ளோ போடணும்ங்க. மொதல்ல நெல்லிக்கா அளவுதான் போட்டேன்."

இன்று அவள் கையில் இருந்தது எலுமிச்சையைவிடப் பெரிது.

ஒவ்வொரு புதன்கிழமையும் கருவியில் எண் ஏன் ஏறிக்கொண்டே போனது என்பது விளங்கிவிட்டது. அதைப் பற்றி மேற்கொண்டு எழுதப்போவதில்லை.

பையை இறக்கி வைத்தேன். உட்கார்ந்தேன். அவள் எனக்குக் காபி போடப் போனாள். சமையலறையிலிருந்து, முகம் தெரியாத இடத்திலிருந்து, இன்னொன்றும் சொன்னாள்.

"நீங்கதான் வாராவாரம் கொண்டுபோய்ச் சாக்கடையில ஊத்திட்டீங்க."

ஜூலை 31, புதன்

கலங்கியிருக்கிறது. மாற்றவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

மருத்துவமனை. ஸ்கேன், பிறகு ஊசி வைத்துத் துளி எடுத்தார்கள். அங்கே காத்திருப்போர் நாற்காலிகளை வடிவமைத்தவர் முதுகெலும்பு இல்லாதவர். உணவகத்துத் தண்ணீரில் குளோரின் கூடுதல். இதையெல்லாம் அபயத்திடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் கையின்மேல் கையை வைத்து, போதும்ங்க என்றாள்.

டாக்டரம்மா இளையவர். அபயத்திடம் எல்லாம் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றார். தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 6, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. நாங்கள் எதிர்பார்த்ததுதான். அறுவை சிகிச்சை அடுத்த வாரம்.

வீட்டுக்கு வந்ததும் அபயம் வெல்ல டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் விளக்கினேன். வெல்லம் மீனைக் கொல்லாது. வெல்லத்தைத் தின்னும் கிருமிகள் தண்ணீரில் உள்ள காற்றை முழுவதும் எடுத்துக்கொள்ளும். மீனுக்கு மூச்சு முட்டும். நிதானமாகச் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

"அப்ப இன்னொரு மோட்டார் போட்டா மூச்சு விடுமா?"

யோசித்தேன். விடும் என்றேன். உடனே கிளம்பிப்போய் இன்னொரு காற்று பம்பு வாங்கிவந்து மாட்டினேன். கடைக்காரர், தண்ணி தெளிஞ்சிருச்சா சார் என்று கேட்டார். இல்லை என்றேன். தீனியைக் குறைங்க என்றார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

விடுப்பு விண்ணப்பத்தை இளம்பரிதியிடம்தான் கொடுக்க வேண்டும். மூன்று வாரம், சொந்தக் காரணம் என்று எழுதியிருந்தேன். புகார்க் குறிப்பில் நான் பயன்படுத்திய சொல்லை இப்போது அவன் நினைவுபடுத்துவான் என்று எதிர்பார்த்தேன். அதற்கு ஒரு பதிலும் வைத்திருந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். கையெழுத்துப் போட்டான். "எவ்ளோ நாள் வேணும்னாலும் எடுத்துக்குங்க சார்" என்றான்.

நம்மை நிம்மதியாகக் கோபப்படக்கூட விடாத மனிதன். என்ன காரணம் என்று அவன் கேட்கவில்லை. எனக்கே சொல்லத் தோன்றியதுதான் எரிச்சல். சொன்னேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காலையில் அபயத்தை உள்ளே கொண்டுபோனார்கள். தள்ளுவண்டியில் படுத்தபடி, இன்னிக்குச் செவ்வாய் என்றாள். தெரியும் என்றேன்.

குமுதாவை உட்காரவைத்துவிட்டு, பிளாஸ்க் எடுக்க வீட்டுக்கு வந்தேன். தொட்டிக்குச் செய்ய வேண்டியதையும் செய்தேன். விவரம் அவசியமில்லை. குனிந்து நின்றதில் முதுகு பிடித்துக்கொண்டது.

திரும்பி வந்ததும் குமுதா என் சட்டைக் கை நனைந்திருப்பதைப் பார்த்தாள். பிளாஸ்க் எங்கே அத்தான் என்றாள். மறந்துவிட்டேன்.

பிற்பகலில் வெளியே கொண்டுவந்தார்கள். எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டோம் என்றார் டாக்டரம்மா. மிச்சம் மீதிக்கு மருந்து ஏற்ற வேண்டும். அது அடுத்த மாதம்.

ஆகஸ்ட் 14, புதன்

கலங்கல்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அபயம் வீட்டுக்கு வந்துவிட்டாள். கட்டிலைக் கூடத்திலேயே போட்டிருக்கிறேன். அங்கிருந்து தொட்டி தெரியும். நான் வைத்த ரசத்தை மருந்துபோலக் குடித்தாள். மருந்தை ரசம்போலக் குடிக்கிறாள்.

கட்டிதான் எடுத்தாயிற்றே, இனி எதற்கு என்று கேட்டேன். மிச்சம் மீதின்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல என்றாள். எந்த அளவு என்றேன். "நெல்லிக்கா போதும்" என்றாள். குமுதாவின் பாட்டிலில் கடைசி மூடித் தண்ணீர்தான் மிச்சமிருந்தது. அடுத்த பாட்டில் எடுக்க நானே போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கையுறை போட்டுக்கொண்டு இறங்குவீங்களா என்றாள்.

பழைய தண்ணீரில் ஒரு வாளி எடுத்துச் செம்பருத்திக்கு ஊற்றினேன். அங்கே கால் படாது.

ஆகஸ்ட் 28, புதன்

மாலையில் இளம்பரிதி வந்தான். ஆப்பிள், ஹார்லிக்ஸ், பணிவு எல்லாம் கொண்டுவந்திருந்தான். அபயத்தை நலம் விசாரித்தான். பிறகு, நான் எதற்காக ஜூன் மாதத்திலிருந்து பயந்துகொண்டிருந்தேனோ அதைச் செய்தான். எழுந்துபோய்த் தொட்டியின் முன்னால் நின்றான்.

புதன்கிழமை. தண்ணீர் மோர்போல இருந்தது. இரண்டு பம்புகள் கொதித்துக்கொண்டிருந்தன. மீன்கள் எங்கோ உள்ளே இருந்தன.

அவன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தான். குனிந்து பார்த்தான். மேசைக் காலில் போகும் எறும்பு வரிசையையும் பார்த்தான். அவன் முட்டாள் இல்லை, நான் பயிற்றுவித்தவன்.

"என்ன சார் இப்படிக் கலங்கியிருக்கு? என்ன காரணம்?"

அபயத்தைப் பார்த்தேன். அவள் போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் அவன் சிரிக்கமாட்டான். பரிவோடு தலையசைப்பான். நாளைக் காலை ஆய்வகத்தில் காபி வரும்போது அதே பரிவோடு நாலு பேரிடம் சொல்வான். அவர்கள் சிரிப்பார்கள், அவளைப் பற்றி.

என்னிடம் எல்லாச் சான்றுகளும் இருந்தன. குழாயை விலக்கியது, கேன் தண்ணீர், எறும்பு, பெனடிக்ட். என் பணிக்காலத்தில் நான் செய்த மிகச் சரியான ஆய்வு அது. அதை எடுத்துச் சொல்ல இதைவிடப் பொருத்தமான ஆள் உலகத்தில் எனக்கு வாய்க்கமாட்டான்.

"தெரியலப்பா" என்றேன். "என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன். எனக்குத் தெளிய வைக்கத் தெரியல."

அவன் முகம் மலர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். புதுத் தொட்டியில் நல்ல கிருமிகள் எப்படி உருவாகின்றன, வடிகட்டிப் பஞ்சை ஏன் அடிக்கடி பிழியக் கூடாது, தீனியை ஏன் குறைக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் நடத்தினான். நடுநடுவே, "புரியுதா சார்?" என்றான். புரிகிறது என்றேன். எங்கேயோ ஒரு இடத்தில், நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தையே எனக்குத் திருப்பிச் சொன்னான். அதற்கும் தலையாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை வந்து தானே சுத்தம் செய்து தருவதாகச் சொன்னான். இருக்கட்டும், நானே முயற்சி செய்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். வாசலில் என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். தட்டினான்.

உள்ளே வந்தேன். அபயம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க அவர்ட்ட அப்படிச் சொன்னீங்க?"

"அவன் எனக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக்குடுத்தான். நான் கைகட்டிக் கேட்டுக்கிட்டேன். இதுக்கு மேல உன் சாமி எங்கிட்ட என்னத்தக் கேக்கும்?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை. தோள் குலுங்கியது. கட்டுப் போட்ட இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"சிரிக்க வெக்காதீங்க. இழுக்குது."

நான் நிறுத்தவில்லை. நாற்காலியை அவன் இழுத்துப் போட்ட மாதிரியே இழுத்துப் போட்டு, விரலை அவன் நீட்டுகிற மாதிரியே நீட்டி, புரியுதா சார் என்றேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. மறுபடியும் செய்யச் சொன்னாள். நல்ல கிருமிகள், கெட்ட கிருமிகள் பகுதியை முழுவதும் செய்துகாட்டினேன். சித்திரையிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

இந்த இளம்பரிதியும் கடைசியில் ஒன்றுக்குப் பயன்பட்டுவிட்டான்.